கண்ணாடிக் கம்பெனி தேசிகன்

சிங்கப்பெருமாள் கோயிலில் தேசிகன் வேலை பார்த்த இடத்துக்கு ஊரார் வைத்த பெயர் கண்ணாடிக் கம்பெனி. வாசல் பலகையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? மூக்குக் கண்ணாடிக்குக் கால் உடைந்துபோச்சு, மாற்றித் தருவீர்களா என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டைத் தட்டுவார்கள். கேட்டுக்கும் உள்ளே இருந்த மெஷின்களுக்கும் சேர்த்து ஒரே ஆளாக இருந்த செங்கல்வராயன், "பெரியவரே, இது மூஞ்சில மாட்ற கண்ணாடி இல்ல, வானத்துல மாட்றது" என்று சொல்லி அனுப்புவான். வந்தவர் இவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று தீர்மானித்துக்கொண்டு போவார்.

ஆனால் அவன் சொன்னது சத்தியம். அங்கே செய்தது செயற்கைக்கோளில் வைக்கிற காமிரா. அதுவும் பூமியைப் படம் எடுக்கிற காமிரா இல்லை. மேலேயே இருந்துகொண்டு, சுற்றிச் சுற்றி வருகிற மற்ற செயற்கைக்கோள்களையும், உடைந்துபோன ராக்கெட் துண்டுகளையும் வேவு பார்க்கிற கண். எது எங்கே போகிறது, எது எதன்மேல் மோதப் பார்க்கிறது என்று குறித்துச் சொல்லும். ஒரு காலத்தில் பிஸ்கட் கோடவுனாக இருந்த கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்றால் நீங்களும் நம்பமாட்டீர்கள். முதலாளி ஜானகிராமன், பெரிய ஆராய்ச்சிச்சாலை உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவர். அவர் காகிதத்தில் போடுகிற கணக்குக்குக் கையால் உருவம் கொடுத்தவர் தேசிகன்.

தேசிகன் ஊர்க்காரர். கோயிலில் தீர்த்தக் கைங்கரியம் செய்த குடும்பம். அண்ணா அதை எடுத்துக்கொண்டார். தம்பியான இவர் செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, காலேஜ் காலேஜாகப் போய் மைக்ராஸ்கோப் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். கை என்றால் அப்படி ஒரு கை. தொண்ணூற்று ஏழில் ஜானகிராமன் கம்பெனி ஆரம்பித்தபோது இவரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தார். லென்ஸை எடுத்துக் கூட்டுக்குள் வைத்து மூடுகிற வேலை இவருடையது. காமிராவின் தலைப்பாகத்தை இவரைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

எழுதிய சட்டமும் ஒன்று இருந்தது. அதைப் போட்டவரும் இவர்தான். காமிராவைப் பூட்டுகிற தூசியில்லாத அறையான க்ளீன் ரூமுக்குள் பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, சென்ட் கூடாது, பூ கூடாது. தூசிக்கு மட்டும் பயந்து இல்லை. அந்தக் காமிராவின் உள்ளே இருக்கிற சென்சாரை ஐஸைவிடக் குளிர வைத்தால்தான் அதற்குப் பார்வை தெளியும். காற்றில்லாத இடத்தில் எந்த வாசனை, எந்த எண்ணெய் ஆவி இருந்தாலும் அது நேரே போய், இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில் படிந்துவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின்மேல் முத்து முத்தாகக் கட்டுகிறதே, அந்த மாதிரி. படிந்தால் கண் மங்கிவிடும்.

சட்டத்தை முதலில் தன் தலையில்தான் வைத்துக்கொண்டார். காலையில் நெற்றியில் இட்ட திருமண்ணைக் கேட்டிலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். அவருடைய ஆத்துக்காரி அமிர்தவல்லிக்கு இது ஆறாத கோபம். திருமண்ணைத் துடைத்துவிட்டுப் போகிற உத்தியோகமும் ஒரு உத்தியோகமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மனுஷர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பெருமாளைவிட வேலைக்கு மரியாதை கொடுக்கிறவன் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொள்கிற கர்வம்.

அந்தக் கர்வத்தில்தான் ஸ்ரீதேவியை அழவைத்தார். ஸ்ரீதேவி புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர் பெண். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை, டவுன்ஷிப்பில் வீடு. சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள் தலையில் மல்லிகையோடு வந்து, கேட்டில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பூ போனாலும் வாசனை போகவில்லை. இது கல்யாண வீடு இல்லை, போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வா என்று எல்லார் எதிரிலும் தேசிகன் திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் கல்பாக்கம் வரைக்கும் பஸ்ஸில் போய், குளித்துவிட்டு, மறுபடி பஸ் ஏறி வந்து வேலையில் உட்கார்ந்தது. முகம் சுளிக்கவில்லை. அதற்கப்புறம் அவள் சோப்பைக்கூட மாற்றிவிட்டாள் என்று கேள்வி. சார் எது சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

இரண்டாயிரத்து ஆறில், அந்தக் காமிராவின் முதல் தலை தயாராகி மூடுகிற நாள் வந்தது. ஊரில் அப்போது உற்சவம். தீர்த்தத்தில் சேர்க்கிற பரிமளப்பொடி இடிக்க வேண்டிய அண்ணா காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் தேசிகனும் அமிர்தவல்லியும் விடிகாலையில் உட்கார்ந்து பச்சைக் கற்பூரம், ஏலம், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் இடித்துச் சலித்தார்கள். மீந்த பச்சைக் கற்பூரத்தை ஒரு காகிதத்தில் மடித்து, போகிற வழியில் கோயிலில் கொடுத்துவிடச் சொல்லி அமிர்தவல்லி கொடுத்தாள். கோயிலில் வாங்கி வைக்க ஆள் இல்லை. சாயங்காலம் கொடுத்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போட்டதை மறந்தார். நெற்றியைத் துடைத்தார், கையைக் கழுவினார், சட்டைக்கு மேலே வெள்ளை அங்கியை மாட்டினார், முகமூடி கட்டினார், உள்ளே போனார். ஊரார் பவுடரையெல்லாம் மோப்பம் பிடித்த ஆசாமிக்குத் தன் சட்டைப் பை தெரியவில்லை.

பகல் முழுக்கத் திறந்த காமிராத் தலைக்கு மேலே குனிந்தே இருந்தார். கடைசித் திருகை முடுக்கும்போது முகமூடிக்குள் மெல்லிசாக ஒரு வாசனை வந்தது. கோயில் வாசனை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. உற்சவ நாள், இத்தனை வருஷத்து உழைப்பு முடிகிற நேரம், பெருமாளே பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று கண்ணில் நீர் கட்டியது. அந்த வாசனையை ஆசையாக இன்னொரு தரம் இழுத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் அடித்தது இதுதான்.

சாயங்காலம் அங்கியைக் கழற்றியபோது கை பையில் பட்டது. சுருக்கென்றது. உடனே ஜானகிராமனிடம் போய்ச் சொல்லியிருந்தால் தலையைத் திறந்து, லேசாகச் சூடுகாட்டி, ஒரு வாரத்தில் சரிசெய்திருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மல்லிகைப் பூவுக்கு ஒரு பெண்ணைக் கல்பாக்கம் துரத்தியவர், தானே கற்பூரப் பொட்டலத்தோடு உள்ளே போனேன் என்று எந்த வாயால் சொல்வார்? மடித்த காகிதம்தானே, மேலே அங்கி வேறு இருந்ததே, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோயிலில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துக் குளிர்ச் சோதனை. காற்றை உறிஞ்சி எடுக்கிற பெரிய இரும்பு டிரம்முக்குள் தலையை வைத்து, வானத்தில் இருக்கிற மாதிரி குளிர வைத்துப் பார்க்க வேண்டும். காமிராவை வாங்கப்போகிற பெங்களூர்க்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பத்தில், சோதனைக்காகக் காமிராவுக்குக் காட்டிய வெளிச்சப் புள்ளிகள் திரையில் குத்தி வைத்த மாதிரி தெளிவாக இருந்தன. குளிர் இறங்க இறங்கப் புள்ளிகள் ஊறிப் பரவ ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் யாரோ ஊதிவிட்ட மாதிரி ஒரே மங்கல். சூடாக்கினால் மங்கல் போகிறது, குளிர வைத்தால் திரும்பி வருகிறது. உள்ளே ஏதோ ஆவி இருக்கிறது என்று ஜானகிராமன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

டிரம்மைத் திறந்ததும் வழக்கப்படி தேசிகன்தான் தலையின் மூடியைக் கழற்றினார். வாசனை வந்தது. ரொம்பக் கொஞ்சம். கோயிலில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது போதும். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, துணியால் துடைப்பது போல இரண்டு தரம் கையை வீசினார். ஜானகிராமன் வந்து குனிந்தபோது இரும்பு வாசனைதான் இருந்தது.

அடுத்த கேள்வி, ஆவி எங்கிருந்து வந்தது? எல்லாருக்கும் உடனே தோன்றியது பசை. லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சில்லைப் பசை வைத்து ஒட்டி, ஓவனில் பகல் முழுக்கச் சுடவைக்க வேண்டும். அரைகுறையாகச் சுட்டால் பசை பின்னால் ஆவி விடும். ஒட்டிச் சுட்டது ஸ்ரீதேவி. அன்றைக்கு நடுவில் கரண்டு போயிருந்தது. கரண்டு வந்ததும் ஓவனைத் திரும்பப் போட்டாயா என்று ஜானகிராமன் கேட்டார். போட்டேன் சார், அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன் என்றாள். செங்கல்வராயனைக் கேட்டார்கள்.

"கரண்டு போச்சு, ஜென்செட்டு போட்டேன் சார். ஓவன் ஏறிச்சா இல்லியான்னு நான் பாக்கல. மேடம் அங்கதான் குந்திகினு இருந்தாங்கோ."

பார்த்தவர் ஒருவர் இருந்தார். தேசிகன். அன்றைக்குக் கரண்டு திரும்பி வந்தபிறகு டீ குடிக்கப் போகிற வழியில், ஓவனில் சூடு காட்டுகிற முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதையும், அதற்கு எதிரே அந்தப் பெண் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பதையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். ஜானகிராமன் அவர் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். ஸ்ரீதேவி நிமிர்ந்தாள். இனிக் கவலையில்லை, சார் பேசப்போகிறார் என்று அவள் முகம் அப்படியே தெளிந்ததை தேசிகன் பார்த்தார்.

"பொதுவா, பசை சரியாச் சுடலைன்னா இந்த மாதிரி ஆறது உண்டு" என்றார்.

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பொதுவாகத்தானே சொன்னேன் என்று பிற்பாடு அவர் எத்தனையோ தரம் தனக்குள் வாதாடிப் பார்த்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தால் அந்தக் கம்பெனியில் அது தீர்ப்பு. பெங்களூர்க்காரர்கள் தலையை ஆட்டினார்கள். ஸ்ரீதேவி கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அவளை யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. க்ளீன் ரூமை விட்டு எடுத்து, ஃபைல் பார்க்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். மாதம் முடிவதற்குள் அவளே நின்றுவிட்டாள். கடைசி நாள் வந்து, என்னால் உங்களுக்குக் கெட்ட பெயர் சார் என்று தேசிகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அவளா மன்னிப்புக் கேட்பது! பூமி பிளந்து அவரை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. பரவாயில்லைம்மா என்று வேறு சொல்லிவைத்தார் மனுஷர்.

இரண்டாவது தலையை தேசிகன் சுவாசிக்கக்கூடப் பயந்துகொண்டு செய்தார். அது எல்லாச் சோதனையிலும் தேறி, அடுத்த வருஷம் மேலே போயிற்று. முதல் படத்தில் எங்கேயோ ஓடுகிற ஒரு ராக்கெட் துண்டு குண்டூசி முனையாகத் தெரிந்தது. கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள். ஊரில் விஷயம் பரவி, கோயிலில் அவரைக் கூப்பிட்டுப் பரிவட்டம் கட்டி, நம்ம ஊர்க்காரர் வானத்துக்குக் கண் வைத்தவர் என்று எல்லாருக்கும் முன்னால் தீர்த்தம் கொடுத்தார்கள். தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் மணத்தது. தொண்டைக்குள் இறங்க மறுத்தது. அத்தனை பேர் பார்க்கும்போது துப்ப முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பக்தியில் மெய்ம்மறந்தார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் முட்டி வலி என்று சாக்குச் சொல்லிக் கோயில் பக்கமே போகாமல் இருந்தார். சோறு இறங்கவில்லை, ஆள் பாதியானார். அமிர்தவல்லி விடுகிற ஜாதி இல்லை. கிண்டிக் கிண்டிக் கேட்டதில் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பொட்டலத்தைக் கொடுத்தவளே அவள்தான் என்பதால், தன்மேல் கொஞ்சம் பழியை வாங்கிக்கொள்வாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசைகூட இருந்தது. வெட்கக்கேடு.

அவள் கேட்டு முடித்தாள். "நேக்கு எதுக்குச் சொல்றேள்? அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

முதலில் ஜானகிராமனிடம் போனார். முதலாளி ஒரு ஃபோன் செய்து, தப்பு உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அதுவே போதும் என்று கணக்கு. ஜானகிராமன் கேட்டுவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பெங்களூருக்கு ரிப்போர்ட் போய் எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது மாற்றிச் சொன்னால் அடுத்த ஆர்டருக்கே ஆபத்து, அந்தப் பெண்ணும் இந்நேரம் வேறு வேலைக்குப் போயிருப்பாள், இதைக் கிளற வேண்டாம் என்றார். வெளியே வந்தபோது தேசிகனுக்கு மனசுக்குள் ஒரு ஓரத்தில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைக் கண்டு அவருக்கே அருவருப்பாகிவிட்டது. மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஸ்ரீதேவி மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் வேலை பார்ப்பதாகக் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் சொன்னார்கள். வெளிநாட்டில் சிலை வாங்குகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவது, பெட்டி கட்டுவதை மேற்பார்வை பார்ப்பது. பாதி செதுக்கிய நந்திகளுக்கு நடுவில், கல் பொடி படிந்த மேஜையில் உட்கார்ந்திருந்தாள். தேசிகனைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். வாங்க சார், வாங்க சார் என்று நாற்காலியைத் துப்பட்டாவால் துடைத்தாள். டீக்கு ஆள் அனுப்பினாள். காமிரா மேலே போனதைப் பேப்பரில் பார்த்து அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்ததாகச் சொன்னாள்.

இன்ஜினீயர் வேலைக்கு ஏன் போகவில்லை என்று தேசிகன் மெதுவாகக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். மெஷினைத் தொட்டால் கை நடுங்குகிறதாம். வீட்டில் காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாளாம், அப்படியும் சந்தேகம் தீராதாம். இங்கே பெட்டிக்கு ஆணி அடித்தால்கூட வேறு ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் நிம்மதியாம். பார்க்க வந்த இரண்டு வரன்களிடமும் அப்பா இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்றாள்.

சுற்றிலும் உளிச் சத்தம். தேசிகன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்குத் தப்பு உன்னோடது இல்லம்மா. என்னோடது. என் சட்டைப் பையில பச்சைக் கற்பூரம் இருந்தது. மூடியைத் திறந்தப்பவே எனக்கு வாசனை தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாயை மூடிண்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் நிறைந்தது. கோபம் வரப்போகிறது, வந்தால் நல்லது, கன்னத்தில் அறைந்தால்கூட நல்லது என்று தேசிகன் காத்திருந்தார்.

"இதைச் சொல்றதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றாள். "எனக்காக இப்படி ஒரு பழியை எடுத்துக்க யார் சார் வருவா? வேணாம் சார். எனக்கு இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. முதல்ல ஞாபகம் இல்ல, அப்புறம் யோசிச்சு யோசிச்சுத்தான் வந்துச்சு. கரண்டு வந்ததும் நான் ஓவன் ஸ்விட்சைப் போடல. அப்பாகிட்டகூட ஒத்துக்கிட்டேன்."

தேசிகன் விடவில்லை. "நீ போட்டேம்மா. ஓவன் சூடாத்தான் இருந்தது. நானே கண்ணால பார்த்தேன்."

ஸ்ரீதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க பார்த்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்க சார். உங்களை எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுக் குனிந்து, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் தோளைப் பிடித்து உலுக்கி, இல்லை, உனக்கு என்னைத் தெரியாது என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். அதற்கு அவரிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. டீ வந்தது, குடித்தார். நன்னா இரும்மா என்று கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிட்டுச் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தார்.